இன்சொல்லும் இடித்துரையும்



தன் சமயத்தைத் தன்னவரிடையே பேசுவது எவர்க்கும் எளிது. அதனை அயலாரிடம் பேசப் புகும்போதுதான் நாவிற்குச் சோதனை வருகிறது. கிறிஸ்தவர் தம் விசுவாசத்தைப் பற்றிப் பிறரிடம் பேசுங்கால், வெட்டொன்று துண்டிரண்டாக உரைப்பதா, அன்றி நயமாகவும் மென்மையாகவும் உரைப்பதா என்பது திருச்சபையில் நெடுங்காலமாக நிலவும் வினா. அவ்வினாவையே இன்று உங்கள் முன் வைத்து ஆராய விரும்புகிறேன்.

கீழ்பென்னாத்தூரைப் போன்ற ஓர் ஊரில் இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் ஊர். கார்த்திகைத் தீபத்திற்கு அண்ணாமலையை நோக்கிச் செல்லும் கூட்டமும், அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனை நாடிச் செல்லும் கூட்டமும் இவ்வட்டாரத்துச் சாலைகளை நிறைக்கும். சேத்துப்பட்டு லூர்து மாதா ஆலயத் திருவிழாவுக்குச் செல்வோரும் இதே சாலைகளில்தான் நடப்பர். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர். ஆகவே ஒரு கிறிஸ்தவனுக்கு அண்டை வீட்டார், உடன் உழைப்பார், கடன் கொடுப்பார் அனைவரும் பெரும்பாலும் வேற்றுச் சமயத்தவரே ஆவர். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் அவன் சொன்ன சொல்லைத் திங்கட்கிழமை மணிலாக் கொல்லையில் அவனுடன் களை பறிப்பவர் நினைவில் வைத்திருப்பார். அச்சொல்லோடு இருவரும் சேர்ந்து வாழவேண்டும்.

கடுமையாகப் பேசுவதே தக்கது என்போர் கூறும் நியாயத்தை முதலில் கேட்போம். உண்மை என்று ஒன்றை நம்பினால் அதனை மூடி மறைப்பது கோழைத்தனம் அன்றோ? வீடு தீப்பற்றி எரிகையில் உறங்குபவனை மெல்லத் தட்டி எழுப்புவார் உண்டோ? நயம், நயம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் சொல்லவேண்டியதையே சொல்லாமல் விட்டவர் எத்தனை பேர்! இவ்வாறு அவர்கள் கேட்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை.

மென்மையை வேண்டுவோரின் நியாயம் வேறு. சமயம் என்பது ஒருவன் தோளில் போட்ட துண்டு அன்று. அவன் தாய் தாலாட்டிய பாட்டும், தந்தைக்கு அவன் செய்த கடனும், மணநாளில் அவன் நின்ற சந்நிதியும் அதனுள் அடங்கும். அதனைப் பழிப்பவன் ஒரு கொள்கையை மட்டும் பழிப்பதில்லை. ஒரு குடும்பத்தையே பழிக்கிறான். பழிக்கப்பட்டவனின் செவி அடைத்துக்கொள்ளும். பின்னர் எவ்வளவு உயர்ந்த செய்தியைச் சொன்னாலும் உள்ளே புகாது என்பர் இவர்கள். இதுவும் உண்மையே.

இரண்டும் உண்மையானால் தீர்ப்பு எங்கே? வரலாற்றைக் கேட்போம். தமிழ்நாட்டில் இவ்விரு முறைகளும் கையாளப்பெற்று அவற்றின் விளைவுகளும் நம் கண்முன் நிற்கின்றன.

டென்மார்க்கு அரசர் அனுப்பச் சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு சூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். டேனிஷ் மிஷன் என்னும் பெயரைத் திருவண்ணாமலையில் உள்ள பள்ளியின் வாயிலாக நம் வட்டாரத்தார் நன்கறிவர். அது பிற்காலத்துச் சங்கம் ஒன்று நடத்திய பணி. சீகன்பால்குவோ அதற்கும் முற்பட்டவர். அவருடைய வாழ்வில் 1713ஆம் ஆண்டு நாம் உற்றுநோக்கத் தக்கது. அவ்வாண்டிலே தரங்கம்பாடி அச்சகத்தில் ‘அக்கியானம்’ என்பது பற்றிய அவருடைய சிறு நூல் தமிழில் அச்சாயிற்று. அயலாரின் வழிபாடு அறியாமை என்றும், கடவுள் வெறுப்பது என்றும், அதனை விட்டு நீங்கவேண்டும் என்றும் அது ஒளிவுமறைவின்றிக் கூறியது. அதே 1713இல்தான், தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறையை விரித்துரைக்கும் பெருநூல் ஒன்றையும் அவர் செருமன் மொழியில் எழுதி முடித்தார். ஒரே ஆண்டு, ஒரே கை, ஆயினும் இரு வேறு குரல்கள்.

அந்த இரண்டாம் குரல் எங்கிருந்து வந்தது? 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய துணைவரும் தமிழ் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள்தம் நம்பிக்கை, வழக்கம், வாழ்க்கை பற்றிக் கேள்விகள் கேட்டு, விடைகளைப் பெற்றனர். அக்கடிதங்கள் செருமானிய நகராகிய ஹாலேயில் மொழிபெயர்த்து வெளியிடப்பட்டன. கேட்டவர் அடக்கத்தோடு கேட்டமையால் விடை தந்தவர்களும் அஞ்சாது விடை தந்தனர். கிறிஸ்தவரை நம்மவர் ஏன் மதிப்பதில்லை என்ற கேள்விக்கு, அவர்கள் குடிப்பதையும், பசுவைக் கொல்வதையும், தூய்மை பேணாமையையும் முகத்துக்கு நேரே எழுதினர். ஏசுகின்ற துண்டுநூலுக்கு இத்தகைய விடை கிட்டியிராது. பெருநூல் எழுதுவதற்கு வேண்டிய அறிவையும் இக்கடிதங்களே அவருக்கு அளித்தன. ஆனால் அந்நூல் ஹாலேக்குச் சென்றபோது அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. பொய்ச் சமயத்தை வேரறுக்க அனுப்பினோமேயன்றி அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர் கருத்தாயிருந்தது. 1867இல் சென்னையிலேதான் அந்நூல் அச்சேறியது. அன்று கேட்பாரற்றுக் கிடந்த அந்நூலை இன்று உலகெங்கும் அறிஞர் தேடிப் படிக்கின்றனர்.

சீகன்பால்குவின் வாழ்வில் மூன்றாம் குரல் ஒன்றும் உண்டு. 1708இல் தரங்கம்பாடியில் நாவிதர் ஒருவரின் கைம்பெண், கடன் வழக்கொன்றில் நீதி கிட்டாமல் தவித்தாள். எதிர்வழக்காடியவன் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளன். சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். முன்னமே அவர்மீது சினங்கொண்டிருந்த கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவரைச் சிறையில் அடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதம் அவர் சிறையில் இருந்தார். இங்கே அவர் பேசிய கடுஞ்சொல் யாரை நோக்கியது என்று பாருங்கள். தம் நாட்டவரையொத்த வெள்ளையரை, தம் சமயத்தவரை, அதிகாரத்தில் இருந்தவரை நோக்கியது. யாருக்காக? வேற்றுச் சமயத்து ஏழைத் தமிழ்ப் பெண்ணுக்காக. அவர் கூறிய கடுமொழிகளுள் தமிழர் இன்றும் நன்றியுடன் நினைக்கத் தக்கது இதுவே.

சீகன்பால்குவுக்கு நூறாண்டு முன்னரே, 1606இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி மென்மையின் வழியைத் தேர்ந்தவர். தமிழும் வடமொழியும் கற்று, காவியுடுத்து, புலால் நீக்கி, தத்துவ போதகர் என்னும் பெயருடன் வாழ்ந்தார். பறங்கியர் மார்க்கம் என்று வெறுத்து ஒதுக்கியவர்களும் அவரிடம் அமர்ந்து உரையாடினர். குடுமியும் பூணூலும் நாட்டு வழக்கமே, அவற்றைக் களைய வேண்டியதில்லை என்று அவர் வாதாடினார். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியாரும் அதற்கு இசைவு அளித்தார். அயலார் உள்ளத்தை மதிக்கும் பண்புக்கு அவர் ஒரு பெரும் எடுத்துக்காட்டு. ஆயினும் அந்த மென்மைக்கு ஒரு விலை இருந்தது. மேற்குலத்தார்க்கு ஒருவகைக் குருக்கள், ஏனையோர்க்குப் பண்டாரசாமிகள் என்னும் வேறுவகைக் குருக்கள் என்று மதுரை மிஷன் பிரிந்து பணியாற்றும் நிலை பின்னாளில் ஏற்பட்டது. வழக்கத்தை மதித்த மென்மை, அவ்வழக்கத்துள் பதுங்கிய அநீதியைக் கண்டும் வாய்மூடியது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாத இன்சொல், ஏழைக்கு எதிராகவே முடியும் என்பதற்கு இது சான்று.

கடுஞ்சொல்லின் விளைவை அறிய யாழ்ப்பாணம் செல்லவேண்டும். நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கத் துணைபுரிந்தார். அவ்விருவரிடையே நிலவியது மதிப்பு மிக்க நட்பு. ஆனால் அக்காலத்தில் சைவத்தை இழித்துப் பேசும் துண்டுநூல்களும் பிரசங்கங்களும் யாழ்ப்பாணமெங்கும் மலிந்திருந்தன. நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பள்ளி நிறுவினார். பின்னர் அச்சகம் கண்டார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். கிறிஸ்தவர் இகழ்ந்த கோயிற் கிரியைகளை ஒத்தவை அவர்களுடைய வேதாகமத்திலேயே விதிக்கப்பட்டிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிரசங்கம், பள்ளி, அச்சகம் ஆகிய மூன்று கருவிகளையும் மிஷனரிகளிடமே கண்டு கற்று, அவற்றாலேயே அவர்களுக்கு விடை இறுத்தார். அவரிடம் ஒரு பகைவரைத் தேடிக்கொண்டது வேதாகமம் அன்று. அதனைச் சுமந்து வந்தவர்களின் ஏச்சு.

மென்மையின் விளைவைக் காணத் திருவண்ணாமலைக்கே திரும்பலாம். 1896இல் அண்ணாமலையை வந்தடைந்து, 1950இல் மறையும்வரை அதனை விட்டு நீங்காத இரமண மகரிஷி, இளமையில் மதுரை அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றவர். அவர் கிறிஸ்தவராகவில்லை. ஆயினும் பிற்காலத்தில் தம்மை நாடி வந்தோரிடம் பேசுகையில் வேதாகம வாசகங்களை அன்புடன் எடுத்தாண்டார். சமய மாற்றத்தை மட்டுமே எண்ணிக் கணக்கெடுப்பவன் இதனைத் தோல்வி என்பான். கேட்டவர் உள்ளத்தில் சொல் காயம் இன்றித் தங்கியதை எண்ணுபவன் அவ்வாறு சொல்லமாட்டான்.

இதற்கு நாட்டின் அரசியல் வாழ்விலும் ஒரு சான்று உண்டு. 1948 டிசம்பர் 6ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் சமய உரிமை பற்றிய விதி விவாதிக்கப்பட்டது. சமயத்தைப் பின்பற்றும் உரிமை இருக்கட்டும், பரப்பும் உரிமை எதற்கு என்று லோகநாத் மிஸ்ரா முதலியோர் எதிர்த்தனர். அவ்வுரிமை வேண்டும் என்று எழுந்து பேசியவர்களுள் தமிழ்நாட்டு இந்துக்களாகிய கே. சந்தானமும் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் இருந்தனர். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் பயின்றும், தம்மை மதம் மாற்ற அங்கு முயற்சி ஏதும் நடைபெறவில்லை என்று கிருஷ்ணமாச்சாரி சபையில் எடுத்துரைத்தார். எண்ணிப் பாருங்கள், நேயர்களே! இன்று ஒரு கிறிஸ்தவன் வாய்திறந்து தன் விசுவாசத்தைப் பேசுவதற்கு 25ஆம் விதி தரும் உரிமையைக் காத்தளித்தவர்களுள், கிறிஸ்தவ ஆசிரியரின் மென்மையை நேரில் கண்ட ஓர் இந்துவும் ஒருவர். அப்பள்ளிகளில் அவர் நாள்தோறும் ஏச்சே கேட்டு வளர்ந்திருந்தால், அன்று அவ்வாறு எழுந்து பேசியிருப்பாரா?

அவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்சநீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. கட்டாய மதமாற்றத் தடை பற்றி 2002இல் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் பிறந்ததும், 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டதும் நம்மில் பலர் கண்டவை. சட்டம் வரையறை செய்வது செயலை. சொல்லின் இனிமையை எந்தச் சட்டமும் கற்பிக்க முடியாது. அது சொல்பவனின் பொறுப்பு.

இனிக் கிறிஸ்தவர் தம் திருமறையிடம் கேட்கட்டும். சமாரியப் பெண்ணிடம் இயேசு பெருமான் பேச்சைத் தொடங்கியது குடிக்கத் தண்ணீர் கேட்டு. கொடுப்பவராக அன்றிக் கேட்பவராக அவர் அவள் முன் நின்றார். அவருடைய மிகக் கடுமையான மொழிகள் யார்மீது விழுந்தன? சமாரியர்மீதா, உரோமர்மீதா? இல்லை. தம் சொந்தச் சமயத்தின் வேதபாரகர்மீதும் பரிசேயர்மீதும், தேவாலயத்தைச் சந்தையாக்கிய வணிகர்மீதும் விழுந்தன. பவுலடியார் அத்தேனே நகரில் நிறைந்திருந்த சிலைகளைக் கண்டு உள்ளம் கொதித்தார். எனினும் சபையில் எழுந்தபோது, அந்நகரத்தாரின் சமயப் பற்றைக் குறிப்பிட்டு, அவர்களுடைய பலிபீடம் ஒன்றிலிருந்தே பேச்சைத் தொடங்கி, அவர்களுடைய புலவர் வாக்கையும் மேற்கோள் காட்டினார். அதே பவுல், புறவினத்தாருடன் உண்ண அஞ்சி விலகிய பேதுருவை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அந்தப் பேதுருவும், நம்பிக்கையின் காரணத்தைக் கேட்போர்க்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் விடை கூறவேண்டும் என்றே பின்னர் எழுதினார்.

இங்கே நம் வினாவின் முடிச்சு அவிழ்கிறது. தமிழ் மரபு இதனை வேறு சொற்களில் முன்னமே அறிந்திருந்தது. ‘இனியவை கூறல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இடித்துரைத்தலையும் புகழ்ந்தார். ஆனால் இடித்துரைக்கும் கடமையை அவர் வழிப்போக்கனிடம் ஒப்படைக்கவில்லை. நண்பனிடமும், அரசனுக்குத் துணையாய் அமைந்த பெரியோரிடமும் ஒப்படைத்தார். உரிமையும் அன்பும் உள்ள இடத்தில் இடித்துரை மருந்தாகும். அவை இல்லாத இடத்தில் அதே சொல் கல்லெறி ஆகும். எனவே கடுமையா, மென்மையா என்று கேட்பதற்கு முன், யாரிடம் என்று கேட்கவேண்டும். அயல்வீட்டாரிடம் இன்சொல், தன் வீட்டாரிடம் இடித்துரை. நம்மில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். அயலான் குறையை ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டு, நம் வீட்டுக் குறையைக் கிசுகிசுக்கவும் தயங்குகிறோம்.

அக்குறைகள் சிறியன அல்ல. ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உள்ளன. நம் வட்டாரத்திற்குத் தொலைவில் இல்லாத எறையூரில், 2008 மார்ச்சு மாதம், ஒரே மாதா கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவருக்குள்ளேயே சாதிக் கலவரம் மூண்டு, போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். எங்கள் மார்க்கத்தில் அனைவரும் சமம் என்று அண்டை வீட்டானிடம் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும், எவ்வளவு வன்மையாகச் சொன்னாலும், அவன் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கல்லறையில் சுவர் இருக்கிறதா? அச்சுவரைப் பற்றித் தன் சபைக்குள் எழுந்து கடுமையாகப் பேசும் துணிவு எவனுக்கு உண்டோ, அவனுடைய மென்மையைத்தான் அயலார் நம்புவர்.

தீப்பற்றிய வீட்டின் உவமைக்கும் இதுவே விடை. தீ என்று கூவலாம், கூவத்தான் வேண்டும். ஆனால் கூவுபவன் தன் கூரையில் பற்றிய தீயை முதலில் அணைக்கட்டும். அணைக்கும் குடத்தோடு ஓடி வருபவனின் கூவலை எவரும் ஏச்சு என்று கொள்ளார்.

மென்மையின் பெயரால் நிகழும் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தன் நோக்கத்தை மறைத்துப் பழகுவதும், நோயிலும் வறுமையிலும் உழல்பவனுக்கு உதவியைக் காட்டி ஆளைப் பிடிப்பதும் மென்மை ஆகா, அவை கபடம். நான் கிறிஸ்தவன், நான் நம்புவது இது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்வதில் கடுமை ஏதும் இல்லை. நாணயமான வணிகன் எடையை முன்வைப்பது போன்றது அது. 1921இல் திருப்பத்தூரில் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமத்தை நினையுங்கள். தமிழராகிய ஜேசுதாசனும் ஸ்காத்லாந்தியராகிய பேட்டனும், இரு மருத்துவர்கள், கதருடுத்து, எளிய வாழ்வு வாழ்ந்து, வந்தவர்க்கெல்லாம் மருத்துவம் செய்தனர். ஆசிரமத்தின் பெயரிலேயே கிறிஸ்து இருந்தார்; மறைப்பு எதுவும் இல்லை. ஆனால் மருந்துக்கு விலையாக எவருடைய மதமும் கேட்கப்படவில்லை.

தன் நம்பிக்கையைக் கூறுகையில் தெளிவு வேண்டும். பிறர் நம்பிக்கையைக் குறிக்கையில் பணிவு வேண்டும். அதனைக் கூறுமுன் அவர்கள் வாயிலாகவே அதனைக் கேட்டறியும் பொறுமை வேண்டும்; தரங்கம்பாடிக் கடிதங்கள் புகட்டும் பாடம் அதுவே. எளியவர்க்கு அநீதி நேரும்போது, அதைச் செய்பவர் தம்மவராயினும், தம்மவராயின் முதலில், அஞ்சாது பேசும் வன்மை வேண்டும். இவை ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஒரே உள்ளத்தில் இவை அனைத்தும் தங்கும்.

கார்த்திகை மாலையில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் குழந்தையும் மலைத்தீபத்தைப் பார்க்கத்தான் செய்கிறது. அது என்ன என்று அக்குழந்தை கேட்கும்போது பெற்றோர் சொல்லும் விடையில்தான் இந்த வினா முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் அண்டை வீட்டார் இறைவனை ஒளியாக வணங்கும் நாள் இது என்று மரியாதையோடு சொல்லி, நாம் நம்பும் ஒளி எது என்பதையும் தெளிவாகச் சொல்லலாம். அதனைக் கேட்டு வளரும் குழந்தைக்குத் தன் விசுவாசத்திலும் ஐயம் வராது. அயலான்மீதும் வெறுப்பு வராது.